திருவண்ணாமலைப் பையனும் பதினோரு கிலோ பெட்டியும்

காஞ்சிபுரத்துத் தறிகளில் தொங்கும் ஓட்டை போட்ட ஜக்கார்டு அட்டைகளைக் காட்டி, கம்ப்யூட்டருக்கு இதுதான் பாட்டி என்பார்கள். உறவுமுறை சரிதான். ஆனால் கையோடு தூக்கிப்போகும் பேரன் பிறக்கக் காரணமானவர் வளர்ந்தது, காஞ்சியைப் போலவே பஞ்சபூதத் தலமான திருவண்ணாமலையில்.

1941-ல் ஆர்தர் ஆஸ்பர்ன் என்ற ஆங்கிலேயர், மனைவியையும் பிள்ளைகளையும் ரமணாசிரமத்துக்கு அருகே குடிவைத்துவிட்டு பாங்காக்குக்குத் திரும்பினார். அங்கே ஜப்பானியப் படை புகுந்து அவரை முகாமில் அடைத்தது. மலையடிவாரத்தில் இருந்த மகன் ஆடமுக்கு அப்போது இரண்டு வயது.

போர் முடிந்து அப்பா வந்தார். ஆடம் கொடைக்கானலில் படித்தான். பிறகு இங்கிலாந்து, அமெரிக்கா, ரசாயனப் பொறியியல். அந்த வேலை ஒட்டவில்லை. மைக்ரோகம்ப்யூட்டர் பற்றிப் புத்தகம் எழுதி, சொந்தப் பதிப்பகமும் நடத்தி, 1979-ல் அதை மெக்ரா-ஹில்லுக்கு விற்றார். கையில் காசு. மனதில் ஒரு விபரீத ஆசை: விமான இருக்கைக்கு அடியில் நுழைகிற கம்ப்யூட்டர்.

வடிவமைக்க வந்தவர் லீ ஃபெல்சன்ஸ்டீன், வீட்டிலேயே கம்ப்யூட்டர் கட்டும் கூட்டத்தைச் சேர்ந்தவர். 1981 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோ கண்காட்சியில் பெட்டி மேசையேறியது. பார்வைக்குத் தையல் மிஷின். கொக்கியை விடுவித்தால் மூடியே கீபோர்டு. நடுவில் 5 அங்குலத் திரை, இரு பக்கமும் ஃபிளாப்பி டிரைவ். ஒரு வரிக்கு 52 எழுத்துதான் தெரியும். மிச்சத்துக்குத் திரையில் தெரிவதைப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். எடை 11 கிலோ, பேட்டரி கிடையாது. இதை யார் வாங்குவார்கள்?

அள்ளிக்கொண்டு போனார்கள்! விலை 1,795 டாலர். வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க் என்ற மென்பொருள்கள் இலவசம். உச்சத்தில் மாதம் 10,000 பெட்டி விற்றது. அந்த நேரம் பார்த்து ஆடம் வாயைத் திறந்தார்.

அடுத்த மாடல் இதைவிடப் பிரமாதம் என்றார். கடைக்காரர்கள் பழையதை வாங்குவதை நிறுத்தினார்கள். ஆடமின் கம்பெனி சரிய அது மட்டுமே காரணமா என்பதில் சர்ச்சை உண்டு. அதே விலையில் 9 அங்குலத் திரையோடு கேப்ரோ என்ற போட்டிப் பெட்டி வந்திருந்தது. 1983 செப்டம்பரில் கம்பெனி திவால். வாய்த்தவறு மட்டும் ‘ஆஸ்பர்ன் விளைவு’ என்று வணிகப் பாடத்தில் நிலைத்தது.

உடல் நலிந்து 1992-ல் இந்தியா திரும்பிய ஆடம், 2003 மார்ச் 18 அன்று கொடைக்கானலில் காலமானார். பெட்டி மட்டும் சாகவில்லை.

2012-ல் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் பலகை வந்ததும், வீட்டிலேயே கம்ப்யூட்டர் கட்டுபவர்கள் மறுபடி கிளம்பினார்கள். கைப்பிடி, குட்டித் திரை, மடக்கு கீபோர்டு. புத்தம்புது பிளாஸ்டிக்கை உப்புத்தாளால் தேய்த்து, துருநிறம் பூசி, பழசாக்குகிறார்கள். இப்படிக் கட்டும் பெட்டிக்கு சைபர்டெக் என்று பெயர். அந்தப் பெயர் வில்லியம் கிப்சனின் அறிவியல் புனைகதை உலகிலிருந்து வந்தது. உள்ளே இருக்கும் அந்தச் சின்னப் பலகை, அறிமுகமானபோது விலை 35 டாலர்.