இரண்டு திரைகளும் ஒரு மனிதரும்

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், விடுப்பில் சென்ற ஒருவருடைய வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுமாறு எனக்குக் கட்டளை பிறந்தது. இரு அறைகளுக்கும் நடுவே இருந்த வாயிற்படியில் நின்று, ஒருபுறம் கணக்கும் மறுபுறம் கட்டுரையும் நடத்தினேன். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருந்தபோது, அடுத்த அறையில் ஒரு சிறுவன் ஜன்னலிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டான். “பார்த்துக்கொண்டிருந்தவர் யார்?” என்று எல்லாரும் கேட்டனர். “ஒருவரை இரு வகுப்புகளுக்கு வைத்தவர் யார்?” என்று கேட்டவர் ஒருவருமிலர். அக்கேள்வி எவ்வளவு இன்றியமையாதது என்பதை ஆகாயப் போக்குவரத்தின் வரலாறு காட்டுகிறது.

1929-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விமான நிலையத்தில் ஆர்ச்சி லீக் என்பவர் இரு கொடிகளைக் கொண்டு விமானிகளுக்குச் சைகை காட்டினார். பின்னர் வானொலிக் கருவி வந்தது, ராடார் வந்தது. கருவிகள் பெருகினவேயன்றி, அவற்றைக் கவனிக்கும் மனித மனம் பெருகவில்லை.

2002 ஜூலை 1-ஆம் நாள் இரவு. தென் ஜெர்மனியில் யூபர்லிங்கன் நகரை அடுத்த வான்பகுதியை, சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நிலையம் கண்காணித்து வந்தது. பணியில் இருக்க வேண்டிய இருவரில் ஒருவர் ஓய்வறைக்குச் சென்றிருந்தார். அது அங்கே நெடுநாளாக அனுமதிக்கப்பட்டிருந்த வழக்கம். எஞ்சிய ஒருவரே இரண்டு திரைகளைப் பார்த்தார். பராமரிப்பு வேலை நடந்ததால், மோதல் அபாயத்தைத் திரையில் காட்டும் எச்சரிக்கை இயங்கவில்லை. முதன்மைத் தொலைபேசியும் நிறுத்தப்பட்டிருந்தது. மாற்றுத் தொலைபேசியோ பழுதாயிருந்தது.

அவ்வேளையில் தாமதமாக வந்த ஒரு விமானத்தைப் பிரீட்ரிக்ஸ்ஹாபன் நிலையத்தில் இறக்க வேண்டியிருந்தது. அந்நிலையத்துடன் தொலைபேசியில் பேச அவர் மீண்டும் மீண்டும் முயன்றார். இதற்கிடையே மற்றத் திரையில் இரு விமானங்கள் ஒரே உயரத்தில் நெருங்கின. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நிலையத்தார் அபாயத்தைக் கண்டனர். ஜூரிச்சைத் தொலைபேசியில் அழைத்தும் தொடர்பு கிட்டவில்லை.

மோதலுக்கு ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக இருந்தபோதுதான் அவர் அதைக் கண்டார். ரஷ்ய விமானத்தைக் கீழே இறங்கச் சொன்னார். அவ்விமானத்திலிருந்த மோதல் தவிர்ப்புக் கருவியோ மேலே ஏறச் சொன்னது. விமானி மனிதரின் சொல்லையே கேட்டார். எதிரே வந்த சரக்கு விமானமும் தன் கருவி சொன்னபடி இறங்கியது. இரண்டும் மோதின. 71 பேர் மாண்டனர்; அவர்களுள் பெரும்பாலோர் ஸ்பெயினுக்கு விடுமுறையைக் கழிக்கச் சென்ற பள்ளிப் பிள்ளைகள்.

துயரம் அத்துடன் முடியவில்லை. மனைவியையும் இரு மக்களையும் இழந்த ஒருவர், 2004 பிப்ரவரியில் அந்தக் கட்டுப்பாட்டாளரைத் தேடிச் சென்று கொன்றார். அதே ஆண்டு மே மாதம் விசாரணை அறிக்கை வெளியாயிற்று. கட்டுப்பாட்டாளர் அபாயத்தைத் தாமதமாகக் கண்டதை அது மறைக்கவில்லை. ஆயினும் இரவில் ஒருவரே பணி பார்க்கும் வழக்கத்தை நிர்வாகம் பொறுத்துக்கொண்டதையும் எடுத்துக்காட்டியது. 2007-இல் சுவிஸ் நீதிமன்றம் அந்த நிறுவனத்தின் நிர்வாகப் பொறுப்பாளர்கள் நால்வரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. கருவியும் மனிதரும் முரண்பட்டால் கருவியின் சொல்லையே விமானி பின்பற்ற வேண்டும் என்னும் விதியும் உலகெங்கும் தெளிவாக்கப்பட்டது.

நாளை நீங்கள் மருத்துவமனைகளையும் தொழிற்சாலைகளையும் பள்ளிகளையும் நடத்துவீர்கள். தவறியவர் யார் என்று கேட்குமுன், அவர்மீது எத்தனை பேருடைய வேலையைச் சுமத்தினோம் என்று உங்களையே கேளுங்கள். அக்கேள்வியை விபத்துக்கு முன்னரே கேட்பவரே நல்ல நிர்வாகி.