பஞ்சுச் செதில் பூச்சியும் வெடாலியா பொறிவண்டும்

1868-ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், அழகுக்காக வளர்க்கப்பட்ட அக்கேசியா மரங்களில் ஒரு புதிய பூச்சி காணப்பட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து செடிகளோடு வந்த பஞ்சுச் செதில் பூச்சி அது. பார்வைக்கு மாவுப்பூச்சி போலிருந்தாலும், பெண் பூச்சியின் பின்புறம் நீண்டிருக்கும் வரிவரியான வெண்ணிற முட்டைப்பை இதைக் காட்டிக்கொடுத்துவிடும். சாற்றை உறிஞ்சி இது வெளியேற்றும் இனிப்பு நீரில் கரும்பூசணம் படர்ந்து இலைகள் கறுக்கும்.

பூச்சி ஆரஞ்சுத் தோப்புகளுக்கும் பரவியது. சோப்புக் கரைசலும் சயனைடு புகையும் போதவில்லை. சிலர் மரங்களையே பிடுங்கி எரித்தனர். தாயகத்தில் மட்டும் இது பெருகாதது ஏன்? அங்கு இதைத் தின்னும் எதிரிகள் இருக்கவேண்டும் என்று கருதிய பூச்சியியலாளர் சார்லஸ் ரைலி, 1888-இல் ஆல்பர்ட் கோபெலேவை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார். முதலில் வந்த 129 வெடாலியா பொறிவண்டுகள் லாஸ் ஏஞ்சலிஸில், கூடாரமிட்டு மூடிய ஓர் ஆரஞ்சு மரத்தில் விடப்பட்டன. சிவப்பும் கருப்புமான மிகச்சிறிய வண்டு. அதன் புழுவும் செதில் பூச்சியையே தின்னும். இரண்டே ஆண்டுகளில் தோப்புகள் மீண்டன.

1920களின் இறுதியில் நீலகிரியின் வாட்டில் மரங்களை இப்பூச்சி தாக்கியபோதும் இதே வண்டுதான் வரவழைக்கப்பட்டது. 1940களில் டி.டி.டி. தெளித்த கலிபோர்னியத் தோப்புகளிலோ வண்டுகள் மடிந்தன. செதில் பூச்சி மீண்டும் பெருகியது.