இரு புகைப்படங்களுக்கிடையே: 1877ஆம் ஆண்டின் பஞ்சமும் மலையகத் தமிழரும்

பொல்பிட்டியவில் கெசல்கமுவ ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் ஒன்றுசேர்ந்து களனி கங்கையாகின்றன. 1969இல் இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையத்தின் பெயராலேயே இவ்விடம் வெளியுலகில் அறியப்படுகின்றது. கெசல்கமுவ ஓயாவின் போக்குக்கு எதிராக மேல்நோக்கிச் சென்றால், நோர்ட்டன் பிரிட்ஜ், காசல்ரீ நீர்த்தேக்கம், நோர்வூட் என்பவற்றைக் கடந்து பொகவந்தலாவையை அடையலாம். அங்குள்ள தூய மரியாள் தேவாலயத்தின் மயானத்தில் ஆங்கிலத் தம்பதியர் இருவர் அடக்கஞ் செய்யப்பட்டுள்ளனர். கணவர் சார்ள்ஸ் ஹே கமரன். கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவின் வாயிலாக இலங்கை வரலாற்று மாணவர் ஒவ்வொருவரும் பரீட்சைக்காகவேனும் மனனஞ் செய்த பெயர். மனைவி ஜூலியா மார்கரெட் கமரன். புகைப்படக் கலையின் வரலாற்றை எழுதுவோர் எவராலும் தவிர்க்கமுடியாத பெயர்.

டெனிசன், டார்வின், கார்லைல், வானியலறிஞர் ஹேர்ஷெல் ஆகியோரின் முகங்களை இன்று நாம் எவ்வாறு நினைவிற் கொள்கிறோமோ, அவ்வாறு நினைவிற் கொள்ளச் செய்தவர் இவ்வம்மையார். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879 ஜனவரி 26இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேண் தோட்டத்தில் இறந்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் இந்நாட்டு உழைக்கும் மக்களைப் படம்பிடித்தார். அவற்றுள் எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. இதே ஆண்டுகளிற் கடலுக்கு அப்பால், சென்னை மாகாணத்தில், வேறொரு ஆங்கிலேயரும் படம்பிடித்துக் கொண்டிருந்தார். அப்படங்களைப் பஞ்ச வரலாற்றை எழுதுவோர் எடுத்தாளுகின்றனர். கமரனின் படங்களைக் கலை விமரிசகர் எடுத்தாளுகின்றனர். இரு தொகுதிகளையும் அருகருகே வைத்து நோக்கும்போது மட்டுமே புலப்படும் ஒரு செய்தி உண்டு. அதனை எடுத்துரைப்பதே எமது நோக்கமாகும்.

சென்னையிற் படம்பிடித்தவர் வில்லோபி வொலஸ் ஹூப்பர் என்னும் படை அதிகாரி. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தில், ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்பஞ்சத்தில் அகப்பட்டோரை ஹூப்பர் குழுக்குழுவாக எடுத்த படங்களை ஒருமுறை பார்த்தவர் மறத்தல் அரிது. விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். முழங்கால்கள் தொடையினும் பருத்திருக்கும். குழந்தைகள் கிழவரின் முகத்தோடு கமராவை நோக்கும். எனினும் எம்மை உறுத்துவது இவ்வுடல்களின் நிலை மட்டுமன்று, அவை வரிசைப்படுத்தப்பட்டுள்ள முறையுமாகும். நிற்க இயன்றோர் பின்னாலும் இயலாதோர் முன்னாலும் அமைய, ஏதோவொரு படைப்பிரிவு நினைவுக்காக எடுத்துக்கொண்ட குழுப்படம் போன்று அவை அமைந்துள்ளன. கண்ணாடித் தகட்டில் இரசாயனம் பூசிப் படம்பிடித்த அக்காலத்தில், படம் பதியும்வரை பல வினாடிகள் அசையாதிருத்தல் வேண்டும். எழுந்து நிற்கவும் வலுவற்றவர்களை யாரோ ஒருவர் அவ்வாறு அமர்த்தி, அசையவேண்டாம் எனக் கட்டளையிட்டிருத்தல் வேண்டும்.

படம் எடுத்து முடிந்ததும் அவர்களுக்கு உணவேதும் கொடாது திருப்பியனுப்பினார் என்ற கதை ஹூப்பரைப் பற்றி வழங்கி வந்தது. அவரது பிற்கால நடத்தை அக்கதைக்கு வலுவூட்டியது என்பதில் ஐயமில்லை. 1886இல் மாண்டலேயில் அவர் படைத்துறை நீதி அதிகாரியாக இருந்தார். பர்மியக் கைதிகளைச் சுட்டுக்கொல்லும் வேளையில், குண்டு பாயும் கணத்தைத் தகட்டிற் பதிக்கும் பொருட்டுச் சுடும் கட்டளையைத் தாமதப்படுத்தினார் என அவர்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. இலண்டன் வரை எழுந்த கண்டனத்தின் விளைவாக விசாரணை நடைபெற்று, அவர் கண்டிக்கப்பட்டார். அதற்கு அப்பால் அவருக்குப் பெரிய தீங்கு எதுவும் நேரவில்லை. அடுத்த ஆண்டே பர்மாப் படங்கள் நூறினைக் கொண்ட தொகுதியொன்றை வெளியிட்டார்.

ஆனால் தனிமனிதர் ஒருவரின் கல்நெஞ்சத்தைச் சுட்டிக்காட்டுவதோடு நின்றுவிடின் நாம் வரலாற்றைத் தவறவிட்டவராவோம். 1877 ஜனவரி முதலாந் திகதி லிட்டன் பிரபு டில்லியில் தர்பார் கூட்டி, விக்டோரியாவை இந்தியப் பேரரசியாகப் பிரகடனப்படுத்தினார். அம்மாதமே சென்னை மாகாணத்திற்கு அனுப்பப்பட்ட சேர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியமும் ஓர் அணாவுமே போதுமென விதித்தார். கல்லுடைத்தும் மண்சுமந்தும் பெறவேண்டிய உணவின் அளவு இது. சென்னையில் இதனைக் கடுமையாக எதிர்த்து எழுதிய வில்லியம் டிக்பி, அதற்கு முன்னர் இலங்கையிற் பத்திரிகையாளராக இருந்தவர். இந்நாட்டின் உணவு வரிகளை எதிர்த்து எழுதிய அனுபவத்தோடு அவர் சென்னை சென்றார் என்பது எம்மவர் அதிகம் எடுத்துக்கூறாத ஒரு தொடர்பு. டெம்பிளின் அளவின்படி வேலை செய்தோரின் உடல்களைத்தான் ஹூப்பரின் கமரா கண்டது. இவ்வகையில் அவரது படங்கள், அவரே எண்ணியிராத முறையில், ஓர் அரசாங்கத்தின் கணக்கறிக்கைகளாக அமைந்துவிட்டன.

பஞ்சம் மிகுந்த ஊர்களில் இரு வழிகள் இருந்தன. ஒன்று நிவாரண முகாம், மற்றது கங்காணி. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை மாவட்டங்களிலும் புதுக்கோட்டையிலும் கங்காணியின் முன்பணம் அவ்வாண்டுகளில் உயிர்ப்பிச்சையாகவே தோன்றியிருக்கும். ஓராண்டில் மட்டும் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து இலங்கைக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தனர். பெற்ற முன்பணம், வழிச்செலவு, கொடுத்த துணி, உண்ட அரிசி யாவும் தொழிலாளியின் பெயரிற் கடனாக ஏறின. கடன் தீர்ந்ததற்கான ‘துண்டு’ இன்றி மறு தோட்டஞ் செல்ல இயலாது. முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குவது 1865ஆம் ஆண்டின் வேலை ஒப்பந்தச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். இராஜகாரிய முறையை ஒழிக்கப் பரிந்துரைத்த ஆணைக்குழுவின் உறுப்பினர் ஒருவர், தாமே கோப்பித் தோட்ட உரிமையாளராகி, இவ்வாறு கடனாற் கட்டுண்ட உழைப்பின் பயனை உண்டார் என்பதை இங்கு நாம் நினைவுகூரலாம்.

இராமநாதபுரக் கரையிலிருந்து தோணியேறி மன்னாரில் இறங்குவர். மன்னாரிலிருந்து காடு. மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை நடை. மலேரியாவும் வாந்திபேதியும் அப்பாதையிற் காத்திருந்தன. நடக்க இயலாதோர் பின்தங்கினர்; பின்தங்கியோர் பெரும்பாலும் வந்து சேரவில்லை. டிக்கோயாவுக்கும் பொகவந்தலாவைக்கும் போகவேண்டியவர்க்கு மாத்தளையோடு வழி முடிந்துவிடுவதுமில்லை. 1874இல் இருப்புப்பாதை நாவலப்பிட்டி வரையே வந்திருந்தது. அட்டனுக்கு அது 1884இலேயே வந்தது. ஆகவே அதற்கு அப்பாலும் மலையேற வேண்டும்.

இப்பாதையைக் காட்டும் படம் எதனையும் நாம் கண்டதில்லை. கமராவை அக்காட்டினூடே கொண்டுசெல்வது கடினம் எனச் சிலர் சமாதானங் கூறலாம். 1855இலேயே றோஜர் பென்டன் கிறிமியப் போர்க்களத்திற்கு இருட்டறை அமைந்த வண்டியோடு சென்று படம்பிடித்துத் திரும்பியவர். இலங்கையிலும் ஸ்கீன், ஸ்கோவன் முதலிய நிறுவனத்தார் அருவிகளையும் மலைகளையும் தோட்டங்களையும் தேடிச்சென்று படம்பிடித்தனர். பாதை கடினம் என்பதன்று, பாதையிற் படமாக்கத்தக்க எதுவும் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை என்பதே உண்மையாகும். அப்பாதையின் நினைவை மக்களே தம் பாட்டுகளிற் பேணினர். சி. வி. வேலுப்பிள்ளை 1983இல் மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டபோதுதான் அவற்றுட் சில ஏட்டிலேறின.

பாதையின் மறுமுனையில் ஜூலியா கமரன் இருந்தார். இங்கிலாந்திலிருந்து புறப்படும்போது தங்களுக்கான சவப்பெட்டிகளையும் கப்பலில் ஏற்றி வந்தவர் இவர். அவரது உடன்பிறந்தாளின் பேர்த்தியான வெர்ஜீனியா வூல்ப் எழுதிய நகைச்சுவை நாடகத்தில் அச்சவப்பெட்டிகளும் இடம்பெறுகின்றன. களுத்துறையில் அரசாங்க சேவையிலிருந்த மகனோடு அவர் வாழ்ந்தார். 1877இல் தாவர ஓவியர் மரியன் நோர்த் அங்கு விருந்தினராக வந்தார். உச்சி வெயிலில், கம்பளித் துணியாற் போர்த்து, முட்கள் போன்ற தென்னோலைகளின் முன் நிறுத்தி, இயல்பாக இருக்கும்படி தமக்குக் கட்டளையிடப்பட்டதை நோர்த் தம் நினைவுக் குறிப்புகளில் வேடிக்கையாக விவரித்துள்ளார். அதே குறிப்புகளில் இன்னொரு செய்தியும் உண்டு. உள்ளூர் மனிதர் ஒருவரின் முதுகின் அழகில் மயங்கிய அம்மையார், அவரைத் தோட்டக்காரராக அமர்த்திக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினாராம். வீட்டுக்குத் தோட்டமே கிடையாது. தோட்டக்காரர் என்ற சொல்லின் பொருளும் அம்மனிதருக்குத் தெரியாது. நோர்த் இதனை நகைச்சுவையாகவே எழுதினார். கங்காணியின் கீழ்ப் பிரட்டுக்கு நின்றவர்களின் வழித்தோன்றலை அறிந்த நமக்கு இங்கு சிரிப்பு வருவதில்லை. முதுகு ஒன்றினை விரும்பி அதற்குரிய மனிதனை வேலைக்கு வாங்கிக்கொள்ளக்கூடிய ஒரு சமூக உறவை இச்சம்பவம் ஒளிவுமறைவின்றிக் காட்டுகின்றது.

கமரனை ஹூப்பரோடு ஒருதட்டில் வைக்க நாம் விரும்பவில்லை. அவரது இலங்கைப் படங்களில் வெறுப்போ ஏளனமோ கிடையாது. மென்மையான ஒளியில், சற்றே கலங்கிய கோடுகளில், அம்மனிதர்கள் பழைய ஏற்பாட்டுக் கதைமாந்தரைப் போன்ற கம்பீரத்துடன் காட்சி தருகின்றனர். இங்கிலாந்தில் தம் பணிப்பெண்ணான மேரி ஹில்லியரை மரியன்னையாக அமர்த்திப் படம்பிடித்த அதே கண் இது. ஆனால் மேரி ஹில்லியர் மேரி ஹில்லியராகவே வரலாற்றில் எஞ்சியுள்ளாள். இலங்கைப் படங்களில் ‘இலங்கைப் பெண்கள்’, ‘களுத்துறைக் குடியானவர் குழு’ என்பனவே தலைப்புகள். தமிழரா சிங்களவரா, எந்த ஊரவர், எவ்வேலை செய்வோர் என்பனவற்றை அறிய அவை உதவுவதில்லை. குடியானவர் படத்தின் அடியில் மட்டும் ஒரு குறிப்பு உண்டு: சிறுமிக்கு வயது பன்னிரண்டு என்றும், முதியவர் தம்மை அவளது தந்தையெனவும் தமக்கு வயது நூறெனவும் கூறுகிறார் என்றும் அது தெரிவிக்கின்றது. முதியவரின் கூற்றைக் கேட்டு, ஒருவேளை நகைத்து, எழுதியும் வைத்தவர்கள், அவரது பெயரை எழுதி வைக்கவில்லை.

ஹூப்பரின் படத்தில் பசி உண்டு. கமரனின் படத்தில் அது இல்லை. 1877இல் பஞ்சம் துரத்த வந்தவர்கள் இவ்வளவு விரைவிற் கொழுத்துவிடவில்லை. 1869இல் தலைகாட்டிய கோப்பி இலைநோயால் தோட்டங்கள் வீழ்ந்துகொண்டிருந்தன. பலவிடங்களிற் கூலி மாதக்கணக்காக நிலுவையில் நின்றது. கமரன் குடும்பத்தின் சொந்தச் செல்வமே அந்நோயாற் கரைந்துகொண்டிருந்தது. ஆயினும் அவரது தகடுகளில் இவற்றின் நிழல் விழவில்லை. இரக்கமற்றவரின் கமரா, தானறியாமலே, உழைப்பாளிக்கு நேர்ந்ததைப் பதிந்து வைத்தது. பரிவுள்ளவரின் கமரா அழகைத் தேடியமையால் அதனை அகற்றிவிட்டது. பிற்காலத்தில் தேயிலைப் பெட்டிகளிலும் விளம்பரங்களிலும் கூடை சுமந்து புன்னகைக்கும் கொழுந்துப் பெண் இந்த இரண்டாவது மரபின் வாரிசு எனலாம்.

பெயரோடு கூடிய புகைப்படம் தோட்டத் தொழிலாளிக்கு எப்போது கிடைத்தது? எமது கள ஆய்வின்போது லயங்களில் முதியோரிடம் இதனைக் கேட்டோம். பலர் தகரப் பெட்டியைத் திறந்து காட்டியது ஒரே வகையான படத்தை: கடவுச்சீட்டுக்காக எடுத்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என அவர்களைப் பங்கிட்டது; எஞ்சிய 150,000 பேரைப் பற்றிய முடிவு 1974 வரை பிற்போடப்பட்டது. விண்ணப்பத்திற்குப் படம் வேண்டும். அட்டனில் ஒரு ஸ்ரூடியோவில், இரவல் வாங்கிய சட்டையோடு, வாழ்க்கையில் முதன்முறையாகக் கமராவின் முன் அமர்ந்ததை ஒரு மூதாட்டி எமக்கு விவரித்தார். அசையவேண்டாம் என்று சொன்னார்களாம். அவரது கணவர் பெயரும் தகப்பனார் பெயரும் பிறந்த தோட்டத்தின் பெயரும் பிழையின்றி எழுதப்பட்டன.

அப்படத்தோடு அட்டன் நிலையத்தில் இரயிலேறியவர்கள் தலைமன்னாருக்குச் சென்று, ‘இராமானுஜம்’ கப்பலில் இராமேசுவரத்தை அடைந்தனர். முன்னோர் கால்நடையாக வந்த வழியின் தொடக்கம் அது. 1984இல் அக்கப்பற் சேவையும் நின்றுபோயிற்று. மூதாட்டியின் பெயர் அழைக்கப்படுமுன்னரே அது நிகழ்ந்தமையால், அவரது படம் இன்னும் தகரப் பெட்டியிலேயே இருக்கின்றது.