பைப்புழு கற்பித்த பாடம்

வேலியே பயிரை மேய்ந்தது என்பது பழமொழி. பயிரைக் காக்க வந்த மருந்தே பயிரின் பகையை வளர்த்த வரலாறு ஒன்று மலேசியத் தோட்டத் தொழிலில் உண்டு. அதனை அறிந்து கொள்வது இக்காலத்துக் காய்கறி, கனி பயிரிடுவோர்க்கும் பயன் தருவதாகும்.

பேராக் மாநிலத்தின் மண் நெடுங்காலம் பால்மரத்துக்கு உரியதாக இருந்தது. 1877-ஆம் ஆண்டில் கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகள் இந்நாட்டு ரப்பர்த் தொழிலின் முதல் வித்துகளுள் அடங்கும். பால்மரத்தை அழிக்கும் பூச்சிகள் மிகச் சில. ஆதலின் அங்கே பூச்சி மருந்துக்கு வேலை குறைவு. லாலான் புல்லைக் கொல்லவே சோடியம் ஆர்சனைட்டு என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டது. 1960-களில் ரப்பர் விலை தளரவே, தோட்டங்கள் செம்பனைக்கு மாறத் தொடங்கின. 1960-இல் ஏறத்தாழ 55,000 எக்டராக இருந்த நாட்டின் செம்பனைப் பரப்பு 2020-இல் 58 இலட்சம் எக்டரைக் கடந்திருந்தது. பேராக்கின் தென்பகுதியில், தெலுக் இந்தான் வட்டாரத்தில், பெருமளவு நிலம் இன்று அம்மரத்துக்கே உரியது.

செம்பனையின் பகைகளுள் பைப்புழு முதன்மையானது. மலாய் மொழியில் இதனை 'உலாட் புங்குஸ்' என்பர். இலைத் துணுக்குகளைத் தன் பட்டு நூலால் பிணைத்துப் பை ஒன்று செய்து, அதனுள் உடலை மறைத்துத் தலையை மட்டும் நீட்டி இலையை மேயும் இயல்பினது. பெண்பூச்சிக்குச் சிறகில்லை, பைக்குள்ளேயே வாழ்ந்து, அதனுள்ளேயே முட்டையிட்டு மடியும். பாதி இலையை இழந்த மரம் அடுத்த இரண்டாண்டுகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு விளைச்சலை இழக்கும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. மருந்தின் புகழ் உலகெங்கும் பரவியது. அதன் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்ட பால் முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. டி.டி.டி.யும் டீல்டிரின், எண்டிரின் முதலிய மருந்துகளும் 1950-களில் செம்பனைத் தோட்டங்களிலும் புகுந்தன. சிறு தொல்லைகளுக்காகத் தெளிக்கப்பட்ட அம்மருந்துகளைத் தொடர்ந்து, பைப்புழு முன்னில்லாத அளவில் பெருகியது. பெருகப் பெருக மருந்தும் மிகுந்தது. மருந்து மிகுந்தும் புழு குறையவில்லை.

இதன் காரணத்தை ஆராய்ந்தவர்களுள் பிரையன் வுட் என்னும் பூச்சியியல் அறிஞர் குறிப்பிடத்தக்கவர். பைக்குள் இருக்கும் புழுவை, மேலே படியும் நஞ்சு எளிதில் தீண்டாது. ஆனால் அப்புழுவின் உடலில் முட்டையிட்டு அதனை அழிக்கும் சிறு குளவிகளுக்கோ பையில்லை. அவை மருந்து படிந்த இலைமேல் நடந்தே மடிந்தன. காவலர் மாண்டனர், கள்வர் பிழைத்தனர். வுட் தம் ஆராய்ச்சி முடிவுகளை 1968-இல் நூலாக வெளியிட்டார். சபா மாநிலத்தின் கொக்கோ தோட்டங்களிலும் 1960-களின் தொடக்கத்தில் கோர்டன் கான்வே என்னும் இளம் அறிஞர் மருந்தை நிறுத்தச் செய்தார். பூச்சிகளின் இயற்கைப் பகைகள் மீண்டும் பெருக, பைப்புழு அடங்கியது.

இவ்வனுபவத்தினின்று பிறந்த முறை எளியது. முதலில் எண்ண வேண்டும்: மட்டைகளை வெட்டி, ஒரு மட்டைக்கு உயிருள்ள புழு எத்தனை என்று கணக்கெடுப்பர். இழப்பு நேரும் அளவை எண்ணிக்கை எட்டினாலன்றி மருந்தில்லை. எட்டிய இடத்திலும், தின்னும் புழுவை மட்டும் தாக்கும் மருந்தே ஏற்றது. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் நுண்ணுயிர் அத்தகையது. இலையோடு வயிற்றில் சென்றால் புழு மடியும், குளவிக்குத் தீங்கில்லை. தோட்டப் பாதையோரங்களில் கொடிரோஜா, டர்னெரா போன்ற பூச்செடிகளை வளர்ப்பதும் அழகுக்காக மட்டுமன்று. அவற்றின் தேன் குளவிக்கு உணவு.

எலிக்கும் இதே கதைதான். கூகை அலறினால் அபசகுனம் என்று அஞ்சியது நம் மரபு. ஆனால் கூகைகள் எலிகளைப் பெருமளவில் பிடித்துண்பது கண்டு, தோட்டங்களில் அவற்றுக்குக் கூடுகட்டப் பெட்டிகள் வைக்கப்பட்டன. கடுமையான எலி நஞ்சு வைத்த இடங்களில், நஞ்சுண்ட எலியைத் தின்ற கூகையும் மடிந்தது.

இவ்வரலாற்றில் பையில்லாத மற்றோர் உயிரும் உண்டு. அது மருந்துத் தோம்பைத் தோளில் சுமந்தவர் உயிர். தோட்டங்களில் மருந்தடித்தவர் பெரும்பாலும் பெண்கள். அவர்களுள் தமிழ்ப் பெண்கள் பலர். களைகொல்லியான பாராகுவாட் 1960-களில் வந்து நெடுங்காலம் அவர்கள் கைகளில் இருந்தது. தெனாகனித்தா முதலிய அமைப்புகள் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, மருந்தடிக்கும் பெண்களிடம் மயக்கம், வாந்தி, மூச்சுத் திணறல், தோல் நோய் ஆகியவற்றைக் கண்டு உரைத்தது. அவ்வாண்டே அரசாங்கம் பாராகுவாட்டைத் தடை செய்ய முற்பட்டது; 2006-இல் தடை தளர்ந்தது; 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து முழுத் தடை நடைமுறைக்கு வந்தது. குளவியின் இழப்பு 1960-களிலேயே கணக்கில் ஏறியது. அப்பெண்களின் இழப்பு கணக்கில் ஏற மேலும் 40 ஆண்டுகள் ஆயின.

பைப்புழு ஒழிந்துவிடவில்லை. 2013-இல் அது சட்டப்படி ஆபத்தான பயிர்ப்பகையாக அறிவிக்கப்பட்டது. ஆதலின் மருந்தே வேண்டா என்பது இவ்வரலாறு கூறும் பாடமன்று. மருந்துத் தோம்பை எடுக்குமுன் புழுவை எண்ணுக. புழுவை உண்ணும் உயிரை அறிக. தோம்பைச் சுமப்பவர் உடலையும் நினைக. கத்தரி நடுவோர்க்கும், கீரை விதைப்போர்க்கும், தம்பூன் பொமலோ வளர்ப்போர்க்கும் இம்மூன்றும் பொருந்தும்.