நாவல்பழம் சாப்பிட்டால் கிருமி செத்துடுமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

நாவல்பழ சீசன் வந்தாலே மேட்டூர் பக்கம் சாலையோரக் கடைகளில் விற்பனை களைகட்டும். கூடவே, "இதைச் சாப்பிட்டா கிருமி எல்லாம் செத்துடும், மாத்திரையே வேண்டாம்" என்ற பேச்சும் கிளம்பும். இது எவ்வளவு உண்மை?

ஆய்வகத்தில் என்ன நடக்கிறது?

கிருமி பரப்பிய தட்டில், பழச்சாறில் நனைத்த சிறு வட்டத்தாளை வைப்பார்கள். மறுநாள் தாளைச் சுற்றிக் கிருமி வளராமல் இருந்தால், சாறு வேலை செய்கிறது என்று அர்த்தம். நாவல், நெல்லிச் சாறுகள் இ.கோலி உள்ளிட்ட பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுப்பதை இப்படிப் பார்த்திருக்கிறார்கள். துவர்ப்பைத் தரும் டானினும், பழத்தின் அமிலமும் முக்கியக் காரணம்.

ஈஸ்ட் ஏன் தாக்குப்பிடிக்கிறது?

ஈஸ்ட் பழத்தோலிலேயே வாழ்வது. புளிப்பும் இனிப்பும் அதற்குப் பழகிப்போனவை. வெளியே வைத்த திராட்சைச் சாறு நுரைத்துப் பொங்குவது அதனால்தான்.

உடம்புக்குள் என்ன ஆகும்?

தட்டில் வைப்பது அடர்த்தியான சாறு. சாப்பிடும் பழமோ செரித்து, நீர்த்துப்போகும். மனிதர்களிடம் அதிகம் சோதிக்கப்பட்டது கிரான்பெர்ரி. அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும் பெண்களுக்கு, மறுபடி வரும் வாய்ப்பை அது சுமார் கால் பங்கு குறைப்பதாக 2023-ல் 50 ஆய்வுகளை அலசிய காக்ரேன் மதிப்பாய்வு சொன்னது. அதுவும் தடுக்கத்தான், வந்த தொற்றுக்கு மருந்து அல்ல.

என்ன செய்யலாம்?

பழத்தை நன்றாகக் கழுவிச் சாப்பிடுங்க. ஆனால் சிறுநீர் எரிச்சலோடு காய்ச்சலோ, முதுகுப் பக்க வலியோ வந்தால் ஜூஸ் குடித்துக் காத்திருக்காதீங்க. தொற்று சிறுநீரகம் வரை போயிருக்கலாம். உடனே டாக்டரைப் பாருங்க.