வறியோர் பட்டியலின் வரலாறு

மக்களின் இடுக்கண் களைய விழையும் அரசு முதற்கண் எதிர்கொள்ளும் வினா, வறியோர் யாவர் என்பதாகும். வினா எளிது, விடையோ அரிது. இலங்கையின் எண்பதாண்டு வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942ஆம் ஆண்டில், அரிசிப் பங்கீடு தொடங்கியபோது இவ்வினா எழவில்லை. செல்வரும் வறியரும் ஒருங்கே கூப்பன் பெற்றனர். தம் வறுமையை மெய்ப்பிக்கும் கடப்பாடு எவர்க்கும் இருந்ததில்லை. ஆயின், அதன் செலவு திறைசேரிக்குப் பெருஞ் சுமையாயிற்று. 1953இல் பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்படவே, ஹர்த்தால் மூண்டது. பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார்.

1978இல் நிலைமை மாறிற்று. மாத வருமானம் 300 ரூபாவுக்கு மேற்படாத குடும்பங்களுக்கே பங்கீடு என வரையறுக்கப்பட்டது; அடுத்த ஆண்டு உணவு முத்திரை அதனிடத்தைப் பெற்றது. வருமானம் எவ்வளவு என்பதைக் குடும்பத்தவரே கூறினர். கமஞ்செய்வோர்க்கும் கூலிவேலை செய்வோர்க்கும் சம்பளச் சீட்டு ஏது? குறைத்துக் கூறுதல் எளிதாயிற்று. நாட்டு மக்களுட் பாதியளவினர் பட்டியலில் இடம் பெற்றனர். 1980இல் புதிய பதிவு நிறுத்தப்பட்டது. முன்னர்ப் புகுந்தோர் உள்ளேயே இருக்க, பின்னர் வறுமையுற்றோர்க்கு வாயில் அடைபட்டது. முத்திரையின் பெறுமதியும், விலைவாசி ஏற ஏற, தேய்ந்து போயிற்று.

1989இல் ஜனசவியவும் 1995இல் சமுர்த்தியும் தோன்றின. சமுர்த்தியில், குடும்பத்தின் சொல்லினும் ஊரிலுள்ள அலுவலரின் மதிப்பீடே வலிமை பெற்றது. அரசியற் சார்பும் உடன் புகுந்தது. மிக வறிய ஐந்திலொரு பங்கினருள் ஏறத்தாழ 40 வீதத்தினர் விடுபட்டனர் என உலக வங்கியின் ஆய்வொன்று கண்டது. போர்க்காலத்தில் வடமாகாணத்தின் பல பகுதிகளுக்கு அத்திட்டம் எட்டவேயில்லை.

2002ஆம் ஆண்டின் நலன்புரி நன்மைகள் சட்டத்தின் வழியே 2023இல் அஸ்வெசும நடைமுறைக்கு வந்தது. இப்போது சான்று பகர்வன 22 குறிகாட்டிகள்: கல்வி, உடல்நலம், உடைமை, வீட்டு நிலை முதலியன. புள்ளிகள் கூட்டப்பட்டு, வறுமையின் தரம் வகுக்கப்படுகின்றது. முகம் பாராத முறை இது. எனினும் முதற் பட்டியல் வெளிவந்ததும் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட முறையீடுகள் குவிந்தன.

குடும்பத்தின் வாய்ச்சொல், அலுவலரின் கண், எண்களின் கூட்டல் எனச் சான்று மாறியபோதும் பிழை முற்றாக நீங்கவில்லை. தகுதியற்றோர் புகுவதனால் பொருள் வீணாகும். தகுதியுடையோர் விடுபடுவதனாலோ உலையேறாத அடுப்புகள் மிகும். இரண்டனுட் பின்னதே கொடிது. ஆதலின் பட்டியலின் செம்மை, அது தொகுக்கப்படும் முறையில் மட்டுமன்று, விடுபட்டோர் மீண்டும் வந்து தட்டுதற்கு அதன் கதவு திறந்திருத்தலிலும் தங்கியுள்ளது எனலாம்.