கழிமுகத்தில் பிரிந்த கல்வி: நீர்ச்சூழல் முதுநிலை ஆய்வின் வரலாறும் பிச்சாவரமும்

ஆய்வுச் சுருக்கம்

நீர்ச்சூழல் உயர்கல்வி நன்னீர், கடல் என இரு கிளைகளாகப் பிரிந்து வளர்ந்ததையும், அப்பிரிவினை கழிமுகம் பற்றிய அறிவைத் தொட்ட விதத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னுரை

புகார் என்னும் ஊர்ப்பெயர் ஆறு கடலில் புகும் இடத்தைக் குறிப்பது. நெய்தல் நில மரபு கடலையும் கழியையும் சேர்த்தே கண்டது. ஆனால், தற்கால உயர்கல்வியில் ஆறு ஒரு துறைக்கும் கடல் மற்றொரு துறைக்கும் உரியவையாயின. இதன் காரணம் இயற்கையில் இல்லை. நிறுவன வரலாற்றில் உள்ளது.

தொடக்கக்கால ஆய்வுகள்

சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வகத்தில் இரா. கோபால ஐயரின் தலைமையில் நடந்த பணிகள் இவ்வெல்லையைப் பொருட்படுத்தவில்லை. அவரும் அவர் மாணவர் நா. கே. பணிக்கரும் 1937இல் சென்னையின் உவர்நீர் விலங்குகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். பின்னர், உப்பின் அளவு மாறும் நீரில் இறால் தன் உடல்நீரைச் சமன்செய்யும் முறையைப் பணிக்கர் ஆராய்ந்தார். ஆற்றுநீரும் கடல்நீரும் மாறிமாறி ஆளும் இடமே அவருடைய ஆய்வுக்களமாயிற்று.

1947: இரு நிலையங்கள்

1947இல் நடுவண் அரசு கடல்மீன் ஆய்வுக்கு ஒரு நிலையத்தையும் உள்நாட்டு மீன் ஆய்வுக்கு மற்றொன்றையும் நிறுவியது. முன்னது சென்னையில் தொடங்கி மண்டபத்திற்கு மாறியது. பின்னது கல்கத்தாவில் தொடங்கிப் பராக்பூரில் நிலைபெற்றது. உணவு உற்பத்தியைப் பெருக்கும் நோக்கில் இப்பகுப்பு பொருத்தமானதே. எனினும், ஆய்வாளர்களின் பணிவாய்ப்பும் இவ்விரு வழிகளில் பிரிந்ததால், முதுநிலைப் பாடத்திட்டங்களும் அவ்வழியே சென்றன.

இதற்கு விலக்காக அமைந்தது பரங்கிப்பேட்டை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் வெள்ளாற்றின் கழிமுகத்தில் அமைந்தது. அதன் முதல் இயக்குநர் ஆர். வி. சேஷய்யா, 1930களில் நன்னீர் நத்தைகளின் உடலமைப்பையும் இனப்பெருக்கத்தையும் ஆராய்ந்தவர். நன்னீரில் பயின்ற ஒருவர் கடல் உயிரியல் மையத்தை வழிநடத்தியது குறிப்பிடத்தக்கது.

பிச்சாவரம் தரும் சான்று

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே சுமார் 1,100 எக்டேரில் பரந்துள்ளது பிச்சாவரம் அலையாத்திக்காடு. சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த மரம் இன்றும் இங்கு வளர்கிறது. 1970கள் வரை இக்காட்டின் பகுதிகள் சுழற்சி முறையில் முற்றாக வெட்டப்பட்டன. காடு குன்றியபோது, மீனவரின் விறகு வெட்டும் கால்நடை மேய்ச்சலுமே காரணங்களாகக் கூறப்பட்டன.

1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மேற்கொண்ட ஆய்வு வேறொரு விளக்கத்தை அளித்தது. மரங்கள் அகற்றப்பட்ட நிலம் வெயிலில் காய்ந்து, தாழ்ந்து, தொட்டிபோல் குழிந்தது. ஓதத்தில் புகுந்த நீர் வடியாமல் தேங்கி ஆவியானதால் உப்பு மிகுந்தது; நாற்றுகள் மடிந்தன. கொள்ளிடம் வழி வரும் நன்னீர் குறைந்தது இந்நிலையை மேலும் கடுமையாக்கியது. இதன் அடிப்படையில், வாய்க்கால்கள் வெட்டி ஓதநீர் வந்து வடிய வழிசெய்து, ஊர்மக்களின் பங்கேற்புடன் நாற்றுகள் நடப்பட்டன. காடு மீளத் தளிர்த்தது.

முடிவுரை

முந்தைய தவறான விளக்கத்திற்குப் பாடப்பிரிவினை ஒன்றே காரணம் எனல் பொருந்தாது. வனநிர்வாகத்தின் பார்வைக்கும் அதில் பங்குண்டு. ஆயினும் ஆற்றின் வரத்து, ஓதத்தின் போக்கு, மண்ணின் உப்பு ஆகியவற்றை ஒருங்கே நோக்கியபோதே உண்மை புலப்பட்டது. அதுவரை பழி அங்கு வாழ்ந்தோர்மீது இருந்தது. நன்னீரையும் கடலோரத்தையும் ஒரே பாடமாகக் கற்பிப்பது ஆற்றின் இறுதியில் வாழ்வோர்க்குரிய நீதியும் ஆகும்.